தங்கராசுவின் தோளுக்குள் ஒரு பின்னல்

எட்டு வருடம் கான்ட்ராக்டில் இரும்புக் கயிற்றுச் சுருள் சுமந்த தங்கராசுவுக்கு, 1978-இல் பர்மனென்ட் ஆவதற்கு ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வாரும் ராட்சத மிஷினின் அறுந்த கயிற்றைப் புரி புரியாகப் பிரித்துப் பின்னிச் சேர்க்க அவரை விட்டால் ஆள் கிடையாது. இன்ஜினியர்களே கைகட்டி நின்று பார்ப்பார்கள். சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பம் முழுக்கத் தெரிந்த சங்கதி இது; தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

உடல் தகுதிச் சான்றில் அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவர் டாக்டர் தமயந்தி. "வலது கையைத் தூக்குங்க" என்றார். கை தோள் உயரம் வரை வந்து, சண்டி மாடு போல நின்றுகொண்டது.

"பாரம் தூக்கித் தூக்கி பிளெக்ஸஸ் அடி வாங்கியிருக்கு."

தங்கராசு மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தார். "கெட்ட வியாதிங்களாம்மா? அன்ஃபிட்டுனு எழுதிடாதீங்க."

"வியாதி இல்லய்யா, எல்லாருக்கும் உள்ளதுதான். பிளெக்ஸஸ்னா லத்தீன்ல பின்னினதுன்னு அர்த்தம். கழுத்திலேருந்து வர்ற அஞ்சு நரம்பும் சேர்ந்து, பிரிஞ்சு, மறுபடி சேர்ந்துதான் கைக்கு இறங்குது. அந்தக் காலத்துல உடம்பை அறுத்துப் பார்த்தவங்க, சடை மாதிரி இருக்கேன்னு அந்தப் பேரை வச்சுட்டாங்க."

பாதி பயம் அங்கேயே போயிற்று. பின்னல் என்றால் அது அவர் இலாகா.

"ஏம்மா, ஒரு புரி நைஞ்சா கயித்தையே தூக்கிப் போட்டுடுவாங்களா? மத்த புரி தாங்கிக்கினு இருக்கும், அதுக்குள்ள சரி பண்ணிடலாம். அத்தினி பெரிய மிஷின் கயித்துக்கு நான் ஜவாப்தாரி. எனக்கு நீங்க ஆவக் கூடாதா?"

டாக்டர் சிரித்துவிட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், அதுவரை வலது தோளில் பாரம் கூடாது என்று எழுதினார்.

அன்றே தங்கராசு துண்டை இடது தோளுக்கு மாற்றினார். "துண்டு கூடவா பாரம்?" என்றாள் மனைவி சாமியம்மாள்.

"இது லத்தீன் சமாச்சாரம். வாயைக் குடுக்காத."

"அந்த லத்தீனையே கூப்புடு. ரெண்டு கொடம் தண்ணி எடுத்துக்கினு வரட்டும்."

மூன்றாம் மாதம் கை தலைக்கு மேலே போனது. "போதும், இறக்குங்க" என்றார் டாக்டர், ‘ஃபிட்’ என்று கையெழுத்துப் போட்டபடி.

"முத்திரை விழட்டுங்கம்மா."

கம்பவுண்டர் முத்திரையைத் தேடினார். கிடைத்தபோது மை காய்ந்திருந்தது. கால் மணி நேரம் தங்கராசு தூக்கிய கையோடு நின்றார். வரிசையில் அடுத்து நின்ற கூட்டாளி பாவாடை, "இன்னா அண்ணே, பஸ்ஸ நிறுத்தறியா?" என்றான்.

தங்கராசு, காகிதத்தில் முத்திரை பதிந்ததைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கையை இறக்கினார்.