சண்டைக்காரருக்கும் உப்பு

"அத்தா, அமெரிக்கா நம்ம நாட்டுச் சரக்குக்கு வரிய ஏத்திட்டாங்க. எங்க ஆர்டர் போயிரும்போல," என்றாள் மகள். லைங் தாயா தொழிற்பேட்டையில், வெளிநாட்டுக்குத் துணி தைத்து அனுப்பும் ஓர் ஆடை ஆலையில் தரம் பார்க்கிறாள்.

அமெரிக்காவின் ஆரம்பகாலத் துணைத்தூதர்கள் பலர் வணிகர்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் மளிகைக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை போட்டவர் வந்தாலும் உப்பு இல்லை என்று சொல்லமாட்டோம்.

"அவங்களும் கடைக்காரங்கதாம்மா, இப்படிச் செய்வாங்களா?" என்று கேட்டேன்.

"அத்தா, இங்க கடைக்காரங்க நாமதான். நம்மகிட்ட வாங்குற அவங்க ஆளுங்களுக்கே அபராதம் போடுறாங்க," என்று சிரித்தாள்.

வாங்கவே வராத ஆளை என்ன செய்வது? எங்கள் வழக்கத்தில் அதற்குப் பதிலில்லை. வாசலில் மகளை ஏற்றிச் செல்லும் ஆலைப் பேருந்து வந்து நின்றது. நாளையும் வருமா என்று ஓட்டுநரைக் கேட்டேன். ஆர்டர் இருந்தால் வரும், அதை உங்கள் மகளைத்தான் கேட்க வேண்டும் என்றார்.