அம்மாவுக்கு விட்ட நுனிக்கொப்புகள்

கேஸ் சிலிண்டர் எங்கும் கிடைக்காமல் போன வருடம்தான் அண்ணா தேக்கங்காணியை வெட்டக் கொடுத்தார். வெள்ளாங்குளத்தில் எங்கள் வயலுக்குப் பின்னால் உள்ள மேட்டுக்காணி அது. கல்யாணம் முடித்த புதிதில் அப்பா அங்கே கன்றுகளை நட்டார். வாளியில் தண்ணீர் காவி ஊற்றி வளர்த்தது அம்மா. போரில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்தபோது வீட்டில் சுவர்கூட மிஞ்சவில்லை; தேக்குகள் மட்டும் நின்றன. அப்பா இறந்த பிறகு, ஒரே ஆண்பிள்ளை என்று அம்மாவே முன்னின்று காணியை அண்ணாவின் பெயருக்கு எழுதுவித்தார். அம்மாவோடு இருப்பது நான். அண்ணா மன்னார் நகரத்தில்.

மரம் அறுக்கும் மெசின் சத்தம் கேட்டு நாங்கள் வேலிக்கு ஓடிய பிறகுதான் அண்ணாவின் போன் கோல் வந்தது.

"அம்மா, பிள்ளையின்ர படிப்புக்கு அவசரமாப் போச்சு. முதலே சொல்ல நேரம் கிடைக்கேல்லை. ஆனா நுனிக்கொப்பெல்லாம் உங்களுக்குத்தான். ஒரு வருசத்துக்கு விறகுக் கவலை இல்லை."

"சரி தம்பி" என்றார் அம்மா. போனை என்னிடம் தந்துவிட்டு அடுப்படிக்குள் போய், செய்ய ஒன்றும் இல்லாமல் அங்கேயே நின்றார்.

அடிமரங்களை லொறி ஏற்றிப்போன மறுநாள் விடிய, கத்தியும் கைக்கோடாலியும் எடுத்துக்கொண்டு இருவரும் காணிக்குள் இறங்கினோம். எந்நேரமும் நிழலாய் இருந்த இடம் வெட்டையாய்க் கிடந்தது. தேக்கம்பூவை அன்றுதான் கையில் எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு உயரத்தில் பூப்பதை இத்தனை காலமும் அண்ணாந்துதான் பார்த்திருந்தேன். அரிசிப்பொரி போலச் சின்னப் பூ. அம்மா அதைப் பார்க்கவில்லை. கொப்புகளின் இலையைக் கழித்துக் கழித்து எனக்குத் தள்ளினார். நான் அடுப்பு வாய்க்கு அளவாய்த் தறித்தேன். தளிர் கசங்கிய சாறு பட்டு எங்கள் கைகள் சிவந்துபோயின. அண்ணாவின் மேல் இருந்த கோபம் எல்லாம் கோடாலிக்குப் போனது. ஆனாலும் மத்தியானம் அடுக்கு இடுப்பளவு உயர்ந்தபோது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாய்த்தான் இருந்தது.

அந்த நேரம் மரம் வாங்கிய கொந்தராத்துக்காரர், இரண்டு வேலையாட்களோடு உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினார்.

"இதை ஆர் அடுக்கச் சொன்னது?"

"என்ர மகன்தான் சொன்னவர், கொப்பு எங்களுக்கெண்டு" என்றார் அம்மா.

"இல்லையம்மா. நான் மரத்தை முழுசாத்தான் வாங்கினனான். கொப்பைப் பேக்கரிக்குச் சொல்லியாச்சு. அங்க போறணை அடுப்பு எரிக்க விறகில்லை. வேணுமெண்டால் மகனிட்டக் கேளுங்கோ."

நான் அண்ணாவுக்கு எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அது... அவர் பிறகு கேட்டவர், நானும் ஓமெண்டிட்டன். உங்களுக்குச் சொல்ல மறந்துபோனன். கீழ கிடக்கிற சுள்ளியைப் பொறுக்குங்கோவன்."

"தம்பி, விடிஞ்சதில இருந்து நாங்கள் வெட்டி அடுக்கினது..."

"அம்மா, ரெண்டு விறகுக்காக அந்த மனுசனுக்கு முன்னால என்ர மானத்தை வாங்காதேங்கோ."

அம்மா உழவு இயந்திரம் வர வழி விட்டு ஒதுங்கி நின்றார். அளவாய்த் தறித்து அடுக்கியிருந்ததால் அவர்கள் எங்கள் விறகைத்தான் முதலில் ஏற்றினார்கள். நான் அழவில்லை. அம்மா பார்த்துக்கொண்டு நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

உழவு இயந்திரப் பெட்டி நிறைந்ததும் வேலையாட்களில் ஒருவர் என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "அக்கா, அந்த மூலையில விழுத்திக் கிடக்கிற மரம் சண்டையில செல்லடி பட்டது. அறுக்கேக்க மெசின் செயின் அறுந்துபோச்சு. ஐயா அது வேண்டாமெண்டிட்டார். அதை நீங்கள் எடுங்கோ."

உள்ளே இரும்பு புகுந்த மரத்தை எங்கள் பக்கம் எந்த வியாபாரியும் தொடமாட்டார். அந்த மரம் சண்டைக் காலத்தில் நாங்கள் பதுங்கியிருந்த பழைய பங்கருக்குப் பக்கத்தில் நின்றது. எங்களுக்கு வந்த செல் துண்டுகளில் கொஞ்சத்தை அது தன்மேல் வாங்கியிருந்தது. நானும் அம்மாவும் வாரக்கணக்காக அதைக் கொத்தினோம். கோடாலி வாய் இரண்டு இடத்தில் உடைந்தது. ஈரம் காயாத தேக்கு எரியாமல் புகைந்தது. அம்மாவுக்கு இருமல் பிடித்தது. சாம்பல் அள்ளும்போது கறுத்த இரும்புத் துண்டுகள் வந்தன. அவற்றை அம்மா ஏனோ ஒரு சிரட்டையில் சேர்த்து வைத்தார். காலில் குத்தும் என்று நான்தான் கொண்டுபோய்க் குழியில் கொட்டினேன்.

மாரி மழை பெய்ய, வெட்டிய மரங்களின் அடிக்குற்றிகள் எல்லாம் துளிர்த்தன. பொங்கலுக்கு அண்ணா குடும்பத்தோடு வந்தார். காணியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சந்தோசமாய்த் திரும்பி வந்தார்.

"அம்மா, எல்லாம் திரும்ப முளைக்குது. குற்றிக்கு ஒரு முளையை விட்டிட்டு மற்றதைக் கழிச்சுவிடுங்கோ. நல்ல மரமா வரும்."

"ஓம்" என்று சொல்லி அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் பொங்கல் போட்டார் அம்மா. விறகைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

அவர்கள் போன மறுநாள் காலை அம்மாவை வீட்டில் காணவில்லை. தேடிப் போனேன். காணியில் குனிந்து குனிந்து முளைகளை முறித்துக்கொண்டிருந்தார். அவர் கடந்துவந்த குற்றி எதிலும் ஒரு முளைகூட இல்லை.

"ஒண்டையாவது விடுங்கோவன் அம்மா" என்றேன்.

"ஆருக்கு?" என்று கேட்டார், நிமிராமலே.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மா அடுத்த குற்றிக்கு நகர்ந்தார்.