கலந்து பிரித்த மாத்திரைகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். கடலூரில் கோர்ட்டில் வேலை. குழந்தை இல்லை. குறை என்னிடம்தான், உயிரணு எண்ணிக்கை போதவில்லை என்று ரிப்போர்ட் வந்த அன்று என் மனைவி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது தேவலை என்றிருந்தது.

என்னைப் போன்ற ஆண்களுக்குச் சத்து மாத்திரை கொடுத்தால் பலன் இருக்கிறதா என்று அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். ஆறு மாதம் சாப்பிட வேண்டும். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும், சத்து எதுவும் இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. டப்பாவில் நம்பர் மட்டும் இருக்கும். எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். நானும் பெரிய படிப்பாளி போலத் தலையாட்டிவிட்டுப் போட்டேன்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் வடலூர்க்காரர். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்கும் இதே குறை. இரண்டாவது மாதமே என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சொந்தக்காரர்களிடம் வாயே திறக்காத விஷயத்தையெல்லாம் அவரிடம் கொட்டினேன். அந்த மாதத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் தன் டப்பாவைத் திறந்தார்.

"மச்சான், நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது நெசமான மாத்திர வந்திருக்கும். கலந்து ஆளுக்குப் பாதியா எடுத்துக்குவோம். ஒருத்தர் மட்டும் ஏமாந்து போவ வேணாம்."

இரண்டுமே வெறும் மாத்திரையாக இருக்கலாமே என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. என்ன புத்திசாலித்தனம் என்று எனக்கு வாயெல்லாம் பல். கைக்குட்டையை விரித்து இரண்டு டப்பாவையும் கொட்டிக் கலந்தோம். அதன் பிறகு மாதாமாதம் இதே வேலைதான்.

ஐந்தாவது மாதம் அவர் மனைவிக்கு நாள் தள்ளிப்போனது. அதே வாரம் என் மனைவி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுகிற சத்தம் எனக்குக் கேட்டுவிடக் கூடாதாம்.

அடுத்த முறை சிதம்பரம் போனபோது மாத்திரை கொடுக்கிற டாக்டரம்மா, வடலூர்க்காரர் சொன்ன செய்தியைச் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அவர் முகம் சரியில்லை.

"உள்ள போயி உண்மையச் சொல்லிடலாம் மச்சான்."

"சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க. உங்களுக்கு ஆயிடுச்சு, எனக்கு?" என்று கேட்டேவிட்டேன். கேட்ட பிறகு வெட்கமாகப் போயிற்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்மள மாதிரி எத்தன பேரு, இவுங்க சொல்றத நம்பி வருசக்கணக்கா முழுங்குவாங்க. அவுங்கள ஏமாத்தலாமா?"

உள்ளே போய் இருவரும் சொன்னோம். டாக்டரம்மா திட்டவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதிக்கொள்வதாகவும், இனி எங்களுக்கு மாத்திரை தர முடியாது என்றும் சொன்னார்கள்.

"மாத்திரையாலதான் கரு தங்குச்சா மேடம்?" என்று அவர் கேட்டார்.

"தெரியலியே. மாத்திரை இல்லாமலும் சிலருக்குத் தங்கும். அதத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவு பாடுபடுறோம்" என்றார்கள். நாங்கள் எதைக் கெடுத்தோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போயிருந்தோம். குழந்தையை மடியில் வாங்கிய என் மனைவி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் இரண்டு முறை சொல்லியும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

எங்களுக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை. ஆராய்ச்சி முடிந்துவிட்டது, யாருக்கு எந்த மாத்திரை என்று வந்து தெரிந்துகொள்ளலாம் என்று போனில் சொன்னார்கள். நான் போகவில்லை. என்னைப் போலவே ஏங்கிய ஒரு மனிதர், தன்னுடையது நிஜமாகவே இருந்தாலும் இருக்கட்டும் என்று பாதியை எனக்கு எடுத்துக் கொடுத்தார்; பிள்ளை ஏக்கம் தாங்க முடியாமல் போகிற நாட்களில் எனக்குக் கொஞ்சமாவது தெம்பு தருவது அந்தப் பாதிதான்.