பின்சுவர் ஓரத்து அடுப்புகள்

புதுக் கோரைப்பாய்கள் விரித்தது விரித்தபடியே கிடந்தன. விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்னால், வேர்க்கடலை மூட்டை அடுக்கும் மல்லாட்டைக் கிடங்கு ஒன்றை எங்கள் சங்கம் வாடகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, வீடில்லாதவர்கள் தங்குவதற்கென்று திறந்திருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பாயிலும் ஆள் படுத்த சுவடில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் சங்கத்தின் குமாஸ்தா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். நல்ல காரியத்தை ஒழுங்காகச் செய்துவிட்டால் ஜனங்கள் தாமாக வந்து சேருவார்கள் என்று மனதார நம்பியிருந்தேன்.

வரவேண்டியவர்கள் தூரத்திலும் இல்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக முகையூர்ப் பக்கத்துப் பண்ணைக் குடிசைகளிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள், ரயிலடிப் புளியமரங்களின் கீழ்க் கிடந்தன. மத்தியானம் எங்கள் பொதுச் சமையலில் வந்து சாப்பிடுவார்கள். கை கழுவிக்கொண்டு மரத்தடிக்கே திரும்பிவிடுவார்கள். மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருத்தி நிறைமாத கர்ப்பிணி. கிடங்குக்காரர் பொறுமையிழந்தார். “ஆளே இல்லாத எடத்தை வெச்சுக்கினு என்னா பண்றீங்க? மல்லாட்டை வர்ற நேரம். இந்த வாரத்துக்குள்ள ஆளுங்க வரலைன்னா சாவிய குடுத்துடுங்க” என்றார். கமிட்டியில் இருந்த வக்கீலும், “அவங்களுக்கே வேணாம்னா நமக்கு எதுக்கு இந்த பேஜாரு?” என்று ஒத்துப் பாடினார்.

திண்டிவனத்திலிருந்து தலைவியம்மா ரயிலில் வந்து இறங்கினார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தை ஆரம்பித்தவரே அவர்தான். கிடங்குக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே புளியமரத்தடிக்குப் போனார். அந்தக் கர்ப்பிணிப் பெண் மூன்று கல்லைக் கூட்டிச் சுள்ளி மூட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, உள்ள வந்து படுக்கக்கூடாதா?”

“படுக்கலாங்க. அங்க அடுப்பு மூட்டக்கூடாதுன்னுட்டாங்களே.”

“அதான் சோறு போடறோமே” என்று நான் குறுக்கிட்டேன்.

“போடறீங்க தம்பி. வயிறு ரொம்புது. ஆனா கொழம்புல உப்பு கம்மின்னு எம்புருசன் யாரண்ட போயி சண்டை போடுவாரு?”

மரத்தடியே சிரித்தது. தலைவியம்மாவும் சிரித்தார். திரும்பி நடக்கும்போதுதான் அவர் முகம் மாறியது.

“எங்கப்பா மயிலத்தண்ட ஒரு பண்ணையில படியாளு, தம்பி. ஒரு நாளு ஏதோ பேச்சு முத்திப்போயி, வெளிய போன்னுட்டாங்க. ஆளை அடிக்கலை. கூரையப் பிரிக்கலை. பண்ணை ஏஜெண்டு உள்ள பூந்து எங்கம்மா அடுப்பைக் கடப்பாரையால இடிச்சான். அவ்ளோதான். அப்புறம் அங்க குடியிருக்க முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். நாங்க எந்த ஊருக்குப் போனாலும் எங்கம்மா மொதல்ல களிமண்ணைத்தான் தேடுவாங்க. அதைப் பாத்து வளந்துட்டு, நானே அடுப்பில்லாத எடத்தைக் காட்டி வான்னா எப்புடி வருவாங்க?”

அன்று மத்தியானமே கமிட்டியைக் கூட்டினார். பொதுச் சமையலை நிறுத்திவிட்டு, கேப்பையும் அரிசியும் உப்பும் குடும்பவாரியாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்றார். நெருப்பென்றதும் கிடங்குக்காரர் பதறினார். உள்ளே வேண்டாம், பின்சுவரை ஒட்டி வெளியே ஓட்டுச் சாய்ப்பு இறக்கிக்கொள்கிறோம் என்று சொல்லித் தலைவியம்மா அவரைச் சம்மதிக்க வைத்தார். வக்கீல்தான் விடவில்லை. “எல்லாருக்கும் சேத்து ஒரே அடுப்பா போட்டா போதாதா?”

“ஏங்க, உங்க வூட்ல அம்மாவும் சம்சாரமும் ஒரே அடுப்புலதான் ஆக்கறாங்களா?” என்று கேட்டார் தலைவியம்மா.

வக்கீல் வீட்டில் இரண்டு அடுப்பு எரிவது ஊரறிந்த சங்கதி. தீர்மானம் நிறைவேறியது.

பெண்கள் ஏரியிலிருந்து களிமண் சுமந்து வந்தார்கள். ஒருத்தி போட்ட அடுப்பைப் போல இன்னொருத்தி போடவில்லை. என் அடுப்பு வாய் பெரிது, உன் அடுப்பு புகையும் என்று ஒரே வாக்குவாதம். கிடங்குக்காரர் சொன்ன கெடு முடிவதற்குள் பாய்கள் நிரம்பிவிட்டன. சாவி எங்களிடமே இருந்தது. இன்று திண்டிவனத்தைச் சுற்றிச் சங்கம் கேட்டு வாங்கிய மனைகளில் கல்வீடுகளே எழும்புகின்றன. ஆனாலும் எனக்கு அதிக நிறைவு தந்தது அந்தக் கிடங்கின் முதல் மழைநாள்தான்.

குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனேன். மரத்தடியில் சுள்ளி மூட்டிய அந்தப் பெண், பிள்ளை பெற்றுப் பாயில் படுத்திருந்தாள். வெளியே சாய்ப்பில் அவள் புருஷன் கூழ் கிண்டிக்கொண்டிருந்தான். படுத்தபடியே அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏன் தம்பி நின்னுக்கினே இருக்கீங்க? எங்க வூட்டுக்கு வந்துட்டு வெறும் வயிறா போவாதீங்க. உக்காருங்க.”

உட்கார்ந்து குடித்தேன். பிறகு, அவள் சொன்னதை அப்படியே தலைவியம்மாவிடம் சொல்வதற்காக அடுத்த ரயிலிலேயே திண்டிவனம் போனேன்.