கொடியை மடித்தவர்

பெரியப்பாவைத் தெருவே பார்க்கத் தலைகுனிய வைத்தவன் நான்தான். பதினோரு வயது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தெரிந்துதான் செய்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். பாண்டிபஜாருக்குப் பின்னால் எங்கள் தெரு. அப்பாவின் அண்ணன் எங்களோடுதான் இருந்தார். உலகப் போரில் விமானப் படையில் இருந்தவர் என்பதால் தெருவுக்கே அவர் ‘பைலட் சார்’. அவர் ஒருநாளும் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. வகுப்பில் அளந்துவிட்டவன் நான். ஜப்பான் விமானங்கள் மூன்றைச் சுட்டு வீழ்த்தினார் என்றுகூடச் சொல்லியிருந்தேன்.

பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. எந்த விமானத்தை ஓட்டினீர்கள் என்று கேட்டால், "போய்ப் படிடா" என்பார். தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்டினத்தில் ஏற மறுத்தார். பைலட்டுக்கு உயரம் பயமா? துவைத்த துணியை வேறு யாரும் மடிக்க விடமாட்டார். அம்மா மடித்து வைத்த வேட்டியைப் பிரித்து, விரலால் நீவி நீவி மறுபடி மடிப்பார். ஒரு காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். படைச் சான்றிதழில் அவருடைய வேலை எழுதியிருந்தது: பாராசூட் மடிப்பவர்.

பொய் சொன்னவன் நான். கோபம் வந்தது அவர்மேல்.

அந்தச் சுதந்திர தினத்துக்குத் தெருச் சங்கத்தில் அவர்தான் கொடியேற்றுவதாக இருந்தது. சட்டைக்குக் கஞ்சி போட்டுக் காத்திருந்தார். முந்தின நாள் சங்கத் தலைவரான நகைக்கடை அண்ணாச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் கூட்டத்தின் நடுவே அண்ணாச்சி கேட்டார்: "என்ன சார், பிளேன் ஓட்டலியாமே? துணிதான் மடிச்சியளாம்லா?"

"அப்ப நம்ம தொழில்தானா நைனா!" என்றார் இஸ்திரி வண்டிக்காரர். ஒரே சிரிப்பு.

"கொடிய மடிச்சுக் கட்டிக் குடுங்க. நான் ஏத்திக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி.

பெரியப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ரோஜா இதழ்களை உள்ளே வைத்துக் கொடியை மடித்துக் கட்டிக் கொடுத்தார். அண்ணாச்சி கயிற்றை ஒரு சுண்டு சுண்டினார். கொடி பட்டென்று விரிந்தது. பூவெல்லாம் அண்ணாச்சி தலையில். கைதட்டலும் அவருக்கே. அது எப்படி அவ்வளவு சுலபமாக விரிந்தது என்று நான் யோசிக்கவில்லை.

பெரியப்பா அதைப் பற்றிப் பேசவே இல்லை. என் கல்யாண வேட்டியைக்கூட அவர்தான் மடித்துக் கொடுத்தார்.

அவர் தொண்ணூறைத் தாண்டியபோது சங்கச் செயலாளர் நான். கொடியேற்ற அவரை அழைத்தேன். நடந்ததை மைக்கில் அப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"யார்டா மடிச்சது?" என்றார், கட்டியிருந்த கொடியைப் பார்த்து.

"நான்தான் பெரியப்பா."

சந்தேகத்தோடு இழுத்தார். விரியவில்லை. இன்னொரு முறை இழுத்தார். முடிச்சு இறுகிக்கொண்டது.

"குதிச்சிருந்தா இந்நேரம் செத்திருப்பேன்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கொடியை இறக்கச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் போட்டு, விரலால் ஒவ்வொரு மடிப்பாக நீவினார். கால்மணி நேரம் ஆயிற்று. வெயிலில் ஒருவரும் நகரவில்லை. கட்டி முடித்ததும் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"நீங்கதான் ஏத்தணும் பெரியப்பா."

"நான் மடிக்கிறவன். நீ இழு."

இழுத்தேன். பூ என் தலையில் கொட்டியது. இந்த முறையும் கைதட்டல் இழுத்தவனுக்குத்தான். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை. காப்பி வந்துவிட்டதா என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார்.