லைல் முடுக்குன எர்த்து வயர்

அரிசோனா பாலைவனத்துல எங்க பக்கத்து மோட்டார்ஹோம்காரன் லைல். அவன் மூளைய வெயில்ல காயவச்சா காக்காகூடத் திரும்பிப் பாக்காது. பஸ் கணக்கா, உள்ளயே குடியிருக்குற அந்த வீட்டு வண்டிக்குப் பின்னால ஒரு சின்னக் காரக் கட்டி இழுப்பான்.

அன்னிக்குச் சாயங்காலம் டூசான் டவுன்ல அவன் பொண்டாட்டி வெர்னாவோட தங்கச்சிக்குக் கல்யாணம். கிளம்புற நேரத்துல மோட்டார்ஹோம்ல இடது இண்டிகேட்டரப் போட்டா, கார்ல பின்னால இருக்குற எல்லா லைட்டும் சேந்து மினுக்குது. வெர்னா பின்னால நின்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தா. லைல் பல்ப மாத்துனான், பியூஸ மாத்துனான், மோட்டார்ஹோம் வயரக் குடல உருவுற மாதிரி உருவிப் போட்டான். நாங்க எல்லாரும் மடக்கு நாற்காலியத் தூக்கிட்டு வேடிக்கை பாக்க வந்துட்டோம்.

"மோட்டார்ஹோம்ல இருந்து கார் லைட்டுக்குப் போற எர்த்து வயர பெயிண்டு மேலயே முடுக்கி வச்சிருக்கியேப்பா, கரண்டு எப்படிப் பாயும்? பெயிண்டச் சுரண்டிட்டுப் போடு"ன்னேன்.

"அது நான் போட்டது. அதுல தப்பே வராது. வெர்னா கண்ணுதான் சரியில்ல."

வெர்னா காரையும் மோட்டார்ஹோமையும் சேத்திருந்த கொண்டியையும் வயரையும் கழட்டிட்டுக் கார்ல ஏறுனா.

"எங்க போற?"

"கல்யாணத்துக்கு. நீ உன் வயரக் கட்டிக்கிட்டு அழு."

இடது இண்டிகேட்டர் மட்டும் அழகா மினுக்க, ரோட்டுல திரும்பிட்டா.

லைல் எங்களப் பாத்து நெஞ்ச நிமித்துனான்.

"பாத்தீங்களா, சரி பண்ணிட்டேன்."