ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில்

கல்யாணமாகி நான் திருவொற்றியூர்க் கடற்கரைக்கு வந்த புதிதில், எங்கள் வீட்டு முன்னால் போன ரோடு ரொம்பச் சின்னது. எதிரெதிரே இரண்டு லாரி வந்தால் ஒன்று மண்ணில் இறங்கி வழிவிட வேண்டும். வீட்டுக்கு முன்பக்கம் ரோடு, பின்பக்கம் கடல், நடுவில் ஒற்றை வரிசையாக நாங்கள். நான் முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பேன். நூல் தீர்ந்துவிட்டால் அப்படியே எழுந்து ரோட்டைக் கடந்து எதிர்க் கடைக்குப் போய் வாங்கிவருவேன். செருப்புகூடப் போட மாட்டேன்.

என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர், மீஞ்சூர் பக்கத்து யார்டுகளில் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு போய் துறைமுகத்தில் இறக்கிவிட்டு வருவது அவர் வேலை. ரோட்டைப் பெரிசாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது எங்கள் வரிசையிலேயே சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

"நாலு லேனு போட்டுட்டான்னு வையி, காலைல போனா மத்தியானம் சோத்துக்கு வூட்டாண்ட வந்துருவேன். நீ வேணா பாரு" என்பார்.

முக்காலி வைத்து அளக்கிறவர்கள் வந்தார்கள். எங்கள் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அது நேராக முன்னறையின் நடுவில் விழுந்தது. அந்தக் கோடு மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, சரி, மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நாங்கள் நினைக்க ஆரம்பித்த பிறகுதான் இடிக்க வந்தார்கள். முன்னறை போனது. நடுஅறை முன்னறையானது. மிஷினை உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அந்த ரோடு ஒரே வீச்சில் வந்துவிடவில்லை. கொஞ்சம் போடுவார்கள், நிறுத்துவார்கள். ஒரு பக்கம் தார் போட்டு மறுபக்கம் ஜல்லியாகவே கிடக்கும். அப்புறம் நடுவில் சிமெண்டுத் தடுப்பு வந்தது. முதலில் அங்கங்கே ஆள் நுழைய இடைவெளி விட்டிருந்தார்கள். அங்கே யாரோ அடிபட்டார் என்று அதையும் அடைத்தார்கள். எதிர்க் கடைக்காரர் அதே இடத்தில்தான் இருந்தார். ஆனால் அவரிடம் நூல் வாங்க வேண்டுமானால் நான் பஸ் ஸ்டாப் வரை நடந்து, சுற்றிக்கொண்டு வர வேண்டும். பிறகு ரோட்டைக் கடல் அரித்துவிடாமல் இருக்க வீட்டுக்குப் பின்னால் பாறாங்கல்லாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். மணல் போய்விட்டது. கல்லுக்கு நடுவில் விட்டுவைத்த ஒரு சின்னச் சந்து வழியாகத்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்டை ஏற்றி இறக்கினார்கள்.

எல்லாம் முடிந்து ரோடு அகலமானதும் லாரிகளும் அகலத்துக்குத் தகுந்தாற்போல வந்தன. துறைமுக கேட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் பேப்பர் பார்த்து விடுவதற்குள் பின்னால் வரிசை கட்டிவிடும். அந்த வரிசை ராயபுரத்திலிருந்து வளர்ந்து வளர்ந்து எங்கள் வாசலைத் தாண்டி எர்ணாவூர் பக்கம் போய்விடும். காலையில் கதவைத் திறந்தால் எதிரே நீலமாகவோ சிவப்பாகவோ ஒரு கண்டெய்னர் நிற்கும். சாயங்காலமும் அதே கண்டெய்னர் நிற்கும்.

மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடுவேன் என்ற மனுஷனும் அந்த வரிசையில்தான் நின்றார். எத்தனையோ தடவை எங்கள் வாசலுக்கு நேராகவே வந்து நின்றிருக்கிறார். ஆனாலும் வீட்டுக்குள் வர முடியாது. வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. நகரும்போது வண்டியில் ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வரிசைக்காரன் மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் நான்தான் தட்டில் சோறு போட்டு, கை உயர்த்தி கேபினுக்குள் கொடுப்பேன். அவர் மேலே உட்கார்ந்து சாப்பிடுவார். நான் கீழே நின்று, கரண்டுக்காரன் வந்தது, எங்கள் பெண் காலேஜுக்குப் போனது என்று சொல்வேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் முன்வண்டி நகர்ந்துவிட்டால் தட்டோடு போய்விடுவார். நான் பின்னாலேயே நடந்து போய் வாங்கிவருவேன்.

ஒரு பங்குனி மாத வெயிலில் அவர் அப்படி வாசலுக்குச் சற்றுத் தள்ளி வந்து நின்றார். காலையிலிருந்தே வண்டி அசையவில்லை. போகிற பக்கம்தான் அடைப்பு என்றால், தடுப்புக்கு அந்தப் பக்கமும் எதிர்த்திசையில் புகுந்த வண்டிகள் மாட்டிக்கொண்டு அதுவும் நின்றுவிட்டது. நான் டீ கொண்டுபோனேன்.

"இன்னாமே, டீயில சக்கரையே இல்ல" என்றார்.

"போட்டுகீறேன். வாய் கசக்குதா?"

"இன்னாவோ தெரியல. நெஞ்சாண்ட எரியுது. காலைல துன்ன வடகறி ஒத்துக்கல போல."

எறங்கி வந்து கொஞ்சம் படுங்களேன் என்றேன். முன்னால் கையைக் காட்டி, "இப்ப நவுந்துரும்" என்றார். நான் சோறு வடிக்க வீட்டுக்கு வந்தேன். வடித்துவிட்டு, துவைத்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் அவர் வண்டி தெரியும்.

நான் பார்க்கும்போதே வரிசை நகர்ந்தது. அவருக்கு முன்னால் நின்ற வண்டி போனது. அதற்கு முன்னால் இருந்ததும் போனது. நடுவில் வெறும் தார் ரோடு தெரிந்தது. இவர் வண்டி மட்டும் நகரவில்லை. பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடித்தான், பிறகு எல்லோரும் அடித்தார்கள். பக்கத்து வரிசையிலிருந்து ஒரு வண்டி அந்த இடத்துக்குள் மெதுவாக மூக்கை நீட்டியது. அதற்கும் இவர் அசையவில்லை. இருபது வருஷமாக ஒருவனுக்கும் இடம் விடாத மனுஷன். துணியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

நான் போவதற்குள் பின்வண்டி டிரைவர் இறங்கி வந்து கேபின் கதவைத் திறந்திருந்தார். சேலத்துப் பக்கத்து ஆள். "யம்மா, அண்ணன் கூப்பிட்டா பேச மாட்டேங்கறாருங்க. ஒடம்பெல்லாம் வேர்த்துக் கெடக்குது" என்றார். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் என்னை அடையாளம் கண்ட மாதிரி இல்லை.

ஆம்புலன்சுக்கு போன் போட்டோம். கிளம்பிவிட்டது என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதன் டிரைவரே பேசினார். டோல்கேட் தாண்டி வர முடியவில்லை, ஆளை அங்கே கொண்டுவர முடியுமா என்று கேட்டார். எப்படிக் கொண்டுபோவது? எங்கள் வீட்டு வரிசையிலிருந்து யாரோ பைக் கொண்டுவந்தார்கள். இவரால் உட்காரவே முடியவில்லை. கண்டெய்னருக்கும் கண்டெய்னருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், பைக் நுழையாது. தடுப்பைத் தாண்டித் தூக்கிப்போனாலும், எதிர்ப்பக்கத் தெருவெல்லாம் மழைத்தண்ணீர்க் கால்வாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோ வராது. நான் ரோட்டில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை வண்டிகள். கத்தினால்கூட யாருக்கும் கேட்காது. எல்லா எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி மீன் விற்கிறவள். எனக்கும் அவளுக்கும் நல்ல பழக்கம். நாள் தவறாமல் சண்டையும் போடுவோம். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு ரோட்டையே பாத்துகினு கீற? அது வழி வுடுமா? பின்னால தூக்கு. போட்டுல போலாம்" என்றாள். உடனே திரும்பி, வலை பிரித்துக்கொண்டிருந்த தன் புருஷனுக்குக் குரல் கொடுத்தாள். "யோவ், போட்டுல எஞ்சினை மாட்டுய்யா! காசிமேட்டுக்குப் போவணும்!"

சேலத்து டிரைவரும் இன்னும் மூன்று நான்கு டிரைவர்களும் சேர்ந்து இவரைக் கேபினிலிருந்து இறக்கினார்கள். என் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து அதில் உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் என் புடவையால் கட்டினோம். ரோட்டிலிருந்து கடலுக்குப் போகக் குறுக்கு வழி எங்கள் வீடுதான். முன்கதவு வழியாக உள்ளே தூக்கிவந்து, மிஷினை ஒருவர் காலால் ஓரம் தள்ள, வடித்த சோற்றைத் தாண்டி, பின்கதவு வழியாக வெளியே போனார்கள். ஊர் தெரியாத அந்த ஆட்கள் யாரும் அதுவரை என் வீட்டு வாசற்படி மிதித்ததில்லை.

கல் சந்தில் இறங்கும்போதுதான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பாசி பிடித்த கல். ஒருவர் கால் வழுக்கி முழங்காலில் விழுந்தார். விழுந்தாலும் நாற்காலிக் காலை விடவில்லை. போட்டுக்குள் வலையை விரித்து அதன் மேல் படுக்கவைத்தோம். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரியும் ஏறிக்கொண்டாள்.

அலையைத் தாண்டிப் போனதும் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. எஞ்சின் சத்தம் மட்டும்தான். கரையைத் திரும்பிப் பார்த்தேன். கல், கல்லுக்கு மேலே எங்கள் வீடுகள், அதற்குப் பின்னால் நீலமும் சிவப்பும் பச்சையுமாகக் கண்டெய்னர்கள், ஒன்றையொன்று ஒட்டி, முடிவே இல்லாமல். அது ரோடு மாதிரியே தெரியவில்லை. ஊரைச் சுற்றி யாரோ எழுப்பிய மதில் மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் அதன் அடியில்தான் சோறாக்கித் தின்று, தூங்கி எழுந்து, பெண்ணை வளர்த்திருக்கிறோம். 

அவர் கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"வண்டி?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வண்டியும் மண்ணாங்கட்டியும். பேசாம படு" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி என் முதுகில் கை வைத்து, "பேசறாரு இல்ல, அது போதும். அழுவாத" என்றாள்.

காசிமேட்டு மீன் துறைமுகத்தில் இறக்கி, மீன் பெட்டி ஏற்றும் குட்டியானை வண்டியில் போட்டு, சந்து பொந்தெல்லாம் நுழைந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அம்மா முதலில் கேட்டது, "ஏம்மா, இவர் மேல மீன் வாடை அடிக்குதே, கடல்ல இருக்கும்போதா வலி வந்துச்சு?" என்று. ரோட்டில் என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. எங்கள் பெண் காலேஜிலிருந்து வந்த பஸ் பாதியில் நின்றுவிட, லாரிகளுக்கு நடுவிலேயே நடந்து வந்து சேர்ந்தாள். அவள் முகமெல்லாம் கரி. அன்று சாயங்காலம்தான் பிழைத்துக்கொள்வார் என்று சொன்னார்கள்.

சேலத்து டிரைவர் ஒரு வேலை செய்திருந்தார். வரிசை நகரும்போதெல்லாம் என் வீட்டுக்காரரின் வண்டியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, இறங்கிப் பின்னால் ஓடி, தன் வண்டியையும் நகர்த்தி, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டே போயிருக்கிறார், வேறு டிரைவர் வந்து வாங்கிக்கொள்ளும் வரை. அடுத்த ட்ரிப் வந்தபோது வார்டுக்கு வந்து இதைச் சொன்னார். "எடத்தை உடலீங்கண்ணா" என்றார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் கனரக வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மணலி பக்கம் ஒரு யார்டில் கேட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கே உட்கார்ந்து, உள்ளே வருகிற வண்டிகளுக்குச் சங்கிலியை அவிழ்த்துவிடுகிறார்.

ரோடு இன்னும் முடிந்தபாடில்லை. அடுத்ததாக இதன் மேலேயே பாலம் போட்டு, வடக்கே மீஞ்சூர் பக்கம் வரை நீட்டப் போகிறார்களாம். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, சுவர் முழுக்க ஒரு படத்தை மாட்டிக் காட்டினார்கள். வண்டிகள் மேலே போய்விடும், கீழே உங்களுக்கு இடைஞ்சல் இருக்காது என்று ஒரு சின்ன வயசு இன்ஜினியர் பொறுமையாகத்தான் சொன்னார். நான் எழுந்து, நாங்கள் அந்தப் பக்கம் எப்படிப் போவது என்று கேட்டேன். படத்தில் விரலை வைத்துத் தேடினார். "நடைமேம்பாலம் அடுத்த கட்டத்துல வருதுங்க" என்றார். எந்தக் கட்டம் முடிந்து எந்தக் கட்டம் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதும் அவர் மறுபடியும் படத்தில் தேட ஆரம்பித்தார். பாவம், அவரைக் கோபித்து என்ன பயன்?

வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். பார்க்க வந்தவர்கள் ரோட்டைப் பார்த்துவிட்டு உள்ளேகூட வரவில்லை. எடுத்துக்கொள்வதாக இருந்தால் முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரோட்டுக்கு நிலம் எடுக்கிற ஆபீசில் கேட்டோம். இப்போதைக்கு உங்கள் வீடு தேவைப்படாது என்றார்கள்.

பெண்ணுக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்து ஹாஸ்டலில் இருக்கிறாள். போன வாரம் போனில் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தி, "இன்னாம்மா, ஹாரன் சத்தமே கேக்கல? ரோடு காலியா கீதா?" என்றாள்.

"காலியா எங்க இருக்கு? முன்பக்க ஜன்னலுக்கு செங்கல் வச்சு அடச்சுட்டோம். அப்பாவுக்கு அந்தப் புகை ஆவறதில்ல" என்றேன்.

"அப்ப பகல்ல?"

"லைட்டு போட்டுக்கிறோம்."

 அப்புறம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வண்டி கிடைத்தால் மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்றாள். சரி என்றேன். லைட்டைப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தைக்க உட்கார்ந்தேன்.